எஃகுக்குள் நுண்குமிழியாகச் சிக்கிய ஹீலியத்தை அளப்பது எப்படி: 4,300-ம் தவறு, 70-ம் தவறு

கேள்வி சுருக்கமாக இது. அணு உலையில் ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸில் நியூட்ரான் பட்ட 316 வகை ஸ்டெயின்லெஸ் எஃகு. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் சராசரியாக 3 நானோமீட்டர் விட்டமுள்ள குமிழிகள், கன மீட்டருக்கு 4×10²² என்ற கணக்கில். பரப்பு ஆற்றலிலிருந்து அழுத்தத்தை எடுத்து, நல்லியல்பு வாயு விதியைப் போட்டால் பத்து லட்சம் உலோக அணுவுக்கு 4,300 ஹீலியம் அணு வருகிறது. அதே எஃகின் இன்னொரு துண்டை வெற்றிடத்தில் 1,000 டிகிரி வரை சூடாக்கி, வாயு அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் குவாட்ருபோல் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் நிறை 4-ஐ, அதாவது ஹீலியத்தை, பார்த்தால் 70 தான் வருகிறது. எதை நம்புவது?

இரண்டையும் நம்ப வேண்டாம். முதலாவது ஏறத்தாழ ஒன்பது மடங்கு கூடுதல். இரண்டாவது, வெளியே வந்த ஹீலியத்தின் அளவே ஒழிய உள்ளே இருக்கும் ஹீலியத்தின் அளவு அல்ல. இங்கே அளக்க வேண்டியவை இரண்டு: உலோகத்தில் மொத்தம் எத்தனை ஹீலியம் அணு இருக்கிறது என்பது ஒன்று, ஒரு குமிழிக்குள் ஹீலியம் எவ்வளவு அடர்த்தியாக அடைந்திருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் தனித்தனிக் கருவி, தனித்தனி முறை. ஒன்றை அளந்துவிட்டு மற்றதை ஊகிக்கும்போதுதான் இப்படிப்பட்ட எண்கள் வருகின்றன.

4,300 வந்த வழியை முதலில் பார்க்கலாம். சமநிலையில் இருக்கும் குமிழியின் அழுத்தம் = 2 × பரப்பு ஆற்றல் ÷ ஆரம். எஃகுக்குச் சதுர மீட்டருக்கு 2 ஜூல், ஆரம் 1.5 நானோமீட்டர் என்றால் 2.67 கிகாபாஸ்கல். இதை 300 கெல்வினில் நல்லியல்பு வாயு விதியில் போட்டால் ஒரு கன நானோமீட்டரில் 644 ஹீலியம் அணு. இந்த இடத்திலேயே கணக்கை நிறுத்தியிருக்க வேண்டும், ஏனென்றால் திட இரும்பிலேயே கன நானோமீட்டருக்கு 85 அணுதான் இருக்கிறது. வாயு உலோகத்தைவிட ஏழு மடங்கு நெருக்கமாக அடைந்திருக்க வழியில்லை.

பிழை இரண்டு இடத்தில் இருக்கிறது. கிகாபாஸ்கல் அழுத்தத்தில் ஹீலியம் அணுக்களின் சொந்தப் பருமனே இடத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும். நல்லியல்பு விதி அதைக் கண்டுகொள்வதில்லை. அடுத்தது வெப்பநிலை. குமிழி சமநிலைக்கு வந்தது 500 டிகிரியில்; அறை வெப்பநிலைக்குக் குளிர்ந்தபோது அணுக்காலி இடங்கள் (படிகத்தில் அணு இல்லாமல் காலியாக நிற்கும் இடங்கள்) நகர முடியாமல் உறைந்துவிட்டன, குமிழியின் அளவும் அப்படியே நின்றுவிட்டது. ஆகவே கணக்கில் வர வேண்டியது 773 கெல்வின். அணுக்களைக் கடினமான பந்துகளாகக் கொள்ளும் கடினக் கோள மாதிரியில், அதற்கான கார்னஹான்–ஸ்டார்லிங் சமன்பாட்டில், அந்த வெப்பநிலைக்கு ஹீலியத்தின் விட்டத்தை 0.197 நானோமீட்டர் அளவில் வைத்துத் தீர்த்தால் 2.67 கிகாபாஸ்கலுக்குக் கன நானோமீட்டருக்கு 70 அணு கிடைக்கும். 3 நானோமீட்டர் குமிழியின் கன அளவு 14.1 கன நானோமீட்டர். அதற்குள் சுமார் 990 அணு. 4×10²² குமிழிக்குப் பெருக்கி, கன மீட்டருக்கு 8.5×10²⁸ உலோக அணுவால் வகுத்தால் பத்து லட்சத்துக்கு 470. உயர் அழுத்த ஹீலியத்துக்கு அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் மில்ஸ், லீபன்பெர்க், பிரான்சன் மூவரும் 1980-இல் வெளியிட்ட அளவீடுகள் 2 கிகாபாஸ்கல் வரை, 300 கெல்வின் வரைதான் போகின்றன. அதற்கு மேல் எந்தச் சமன்பாட்டைப் போட்டாலும் அது நீட்டிப்புதான் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த 470-உம் அளவீடு ஆகாது. குமிழி சமநிலையில் இருக்கிறது என்ற ஊகத்தின் மேல் நிற்கும் மதிப்பீடு அது. ஊகம் இரண்டு திசையிலும் பொய்க்கும். அணுக்காலிகளை வாங்கி வீங்கிய பெரிய குழிகளில் அழுத்தம் அந்தச் சூத்திரம் சொல்வதைவிடப் பல மடங்கு குறைவு. படத்தில் 3 நானோமீட்டர்க் கூட்டத்தோடு 20 நானோமீட்டர்க் குழிகள் சிலவும் இருந்தால் அவை இரண்டையும் ஒரே சூத்திரத்தில் போடவே கூடாது; 20 நானோமீட்டர்க் குழி ஒன்றின் கன அளவு சிறிய குமிழியைப்போல் சுமார் 300 மடங்கு. மறுபக்கம், குறைந்த வெப்பநிலையில் ஹீலியத்தைப் பாய்ச்சிய மாதிரிகளில் அணுக்காலி போதாமல் அழுத்தம் சமநிலையைத் தாண்டி ஏறும். இடப்பெயர்வு வளையத்தை (படிக அடுக்கின் ஒழுங்கு பிறழ்ந்த வளையத்தை) தள்ளி வெளியேற்றும் அளவு வரை அது போகலாம். 1 நானோமீட்டர் ஆரத்துக்கு அந்த எல்லை எஃகில் 20 கிகாபாஸ்கலுக்கும் மேல்.

70 எங்கிருந்து வந்தது என்பது எளிது. ஹீலியம் உலோகத்தில் கரைவதில்லை என்றே சொல்லலாம். குமிழிக்குள் போன அணு மறுபடி உலோகத்துக்குள் கரைந்து மேற்பரப்புக்கு நடந்து வர மிகப் பெரிய ஆற்றல் வேண்டும். 1,000 டிகிரியில் நடப்பது வேறு: குமிழிகளே மெல்ல நகர்கின்றன, ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகின்றன. மேற்பரப்புக்கோ அதோடு இணைந்த படிகமணி எல்லைக்கோ வந்து திறந்தவை மட்டும் வாயுவை விடுகின்றன. சூடாக்கிய அந்தத் துண்டையே மெலிதாக்கி நுண்ணோக்கியில் பாருங்கள். குமிழிகள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெருத்து, மொத்தக் கன அளவில் கூடியிருக்கும். வாயு வெளியேறவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

படிப்படியாகச் சூடாக்கி வெளியேற்றத்தைப் பதிவதில் பயன் இல்லை என்று சொல்லவில்லை. ஹீலியம் எத்தனை வகைப் பொறிகளில், எவ்வளவு இறுக்கமாகச் சிக்கியிருக்கிறது என்பதை அது காட்டும். சூடேற்றும் வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டி உச்சியின் இடப்பெயர்ச்சியிலிருந்து ஆற்றலை எடுக்கலாம். இரும்பிலும் ஃபெரைட் எஃகிலும் படிக அமைப்பு மாறும் 900 டிகிரிச் சுற்றில் கூர்மையான உச்சி ஒன்று வரும். அது பொறியின் ஆற்றலால் வருவதல்ல, அமைப்பு மாற்றத்தால் வருவது. 316-இல் அந்த மாற்றம் இல்லை. ஆனால் மொத்த அளவு வேண்டும் என்றால் உலோகம் உருகியே தீர வேண்டும்.

உருக்கி அளக்கும் முறையில் தரம் நிர்ணயித்தது ஐசோடோப் நீர்ப்பு மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி. அமெரிக்காவில் ராக்வெல் நிறுவனத்தில் ஹாரி ஃபாரர், பிரையன் ஆலிவர் முதலானோர் இதை வளர்த்தார்கள். பின்னர் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகத்திலும் அது தொடர்ந்தது. சாரம் இதுதான்: மாதிரியை உருக்கி வரும் ஹீலியம்-4 உடன், எண்ணிக்கை துல்லியமாகத் தெரிந்த ஹீலியம்-3-ஐக் கலந்துவிட வேண்டும். கலந்தபின் இரண்டின் விகிதத்தை மட்டும் அளந்தால் போதும். வாயுவில் பாதி குழாயில் தங்கினாலும், கருவியின் உணர்திறன் அன்றைக்கு இறங்கியிருந்தாலும் விகிதம் மாறாது. கவனமாகச் செய்தால் 1 முதல் 2 சதவீதத் துல்லியம் கிடைக்கும்.

உங்கள் மாதிரிக்கு எண்ணிக்கை எந்த அளவில் வரும் என்று பாருங்கள். 1 மில்லிகிராம் இரும்பில் 1.08×10¹⁹ அணு. ஆகவே பத்து லட்சத்துக்கு 1 என்றால் சுமார் 10¹³ ஹீலியம் அணு. 470 என்றால் 5×10¹⁵. காய்ச்சிச் சுத்தம் செய்த நல்ல வெற்றிட அமைப்பின் வெறும் பின்னணி 10⁹ முதல் 10¹⁰ அணு. உணர்திறன் உங்களுக்கு ஒரு பிரச்சினையே இல்லை. உங்கள் பிரச்சினை நேர்மாறானது: இவ்வளவு வாயுவை நேராக மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் விட்டால் அடுத்த பல ஓட்டங்களுக்கு அதன் மிச்சம் வந்துகொண்டே இருக்கும்.

மாதிரி தயாரிப்பிலிருந்து தொடங்குவோம். நுண்ணோக்கிக்கு நீங்கள் மெலிதாக்கிய அதே வட்டின் விளிம்பு இதற்கு மிகச் சிறந்த துண்டு. 3 மில்லிமீட்டர் விட்டமும் 0.1 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள எஃகு வட்டின் எடை சுமார் 5.6 மில்லிகிராம்; நடுவில் மெலிதாகிய பகுதி போக விளிம்பிலிருந்து 0.5 முதல் 1 மில்லிகிராம் துண்டுகள் மூன்று நான்கு எடுக்கலாம். எடுக்குமுன் மேற்பரப்பை நீக்க வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நியூட்ரான் வினையில் பிறக்கும் ஆல்பா துகள் பிறந்த இடத்தில் நிற்பதில்லை. நிக்கல்-59 தரும் ஆல்பாவின் ஆற்றல் 4.76 மெகா எலெக்ட்ரான் வோல்ட். எஃகில் அது சுமார் 10 மைக்ரான் ஓடும். மேற்பரப்பை ஒட்டிப் பிறந்தவை வெளியே பறந்துவிடும். பக்கத்தில் நிக்கலோ போரானோ அதிகமுள்ள பொருள் இருந்திருந்தால் அங்கிருந்து உள்ளே வந்து பதிந்திருக்கும். பக்கத்துக்கு 10 மைக்ரான் வீதம் எடுத்தால் 0.1 மில்லிமீட்டர் வட்டின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், அதாவது 1.1 மில்லிகிராம், நீக்கியது போதுமா என்பதை எடைக் குறைவை வைத்தே சரிபார்க்கலாம். 14 மெகா எலெக்ட்ரான் வோல்ட் நியூட்ரான் பட்ட மாதிரிக்கு இன்னும் ஆழமாக, 25 முதல் 30 மைக்ரான் வரை எடுங்கள். நீக்க மின்மெருகு போதும். அசிட்டோன், பிறகு எத்தனால், உலர்த்தல், அதன்பின் மைக்ரோ தராசில் எடை. 0.5 மில்லிகிராம் துண்டில் 2 மைக்ரோகிராம் பிழை 0.4 சதவீதம், துண்டை இதைவிடச் சிறிதாக்கினால் பிழையில் எடைதான் முதலிடம் பிடிக்கும்.

குழாயமைப்பு முழுக்க உலோகம், செம்பு வளைய மூடி, உலோக வால்வு. ரப்பர் ஓ-ரிங் கூடாது, பைரெக்ஸோ குவார்ட்ஸோ கூடாது: காற்றில் இருக்கும் ஹீலியம் அவற்றின் வழியே ஊடுருவி உள்ளே வரும். காற்றில் பத்து லட்சத்துக்கு 5.24 பங்கு ஹீலியம். ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் 1.4×10¹⁴ அணு, அதாவது 1 மில்லிகிராம் எஃகில் 13 என்று காட்டும் அளவு. கசிவு இருக்கிறதா என்று அறிய நிறை 40-ஐ, ஆர்கானை, ஒவ்வொரு ஓட்டத்திலும் பாருங்கள். ஆர்கான் ஏறாமல் ஹீலியம் மட்டும் ஏறினால் ஊடுருவல். இரண்டும் ஏறினால் கசிவு.

ஹீலியம்-3-ஐ அளந்து விட 2 லிட்டர்க் கலனும், இரண்டு வால்வுக்கு நடுவே 1 கன சென்டிமீட்டர்ப் பிப்பெட்டும் வேண்டும். 296 கெல்வினில் 1 பாஸ்கல் அழுத்தத்தில் 1 கன சென்டிமீட்டரில் 2.45×10¹⁴ அணு இருக்கும். உங்களுக்கு 5×10¹⁵ வேண்டும் என்பதால் கலனில் 20 பாஸ்கல் நிரப்பினால் ஒரு பிப்பெட் சரியாக இருக்கும். விகிதம் ஒன்றை ஒட்டி, அதிகம் போனால் பத்து மடங்கு வித்தியாசத்துக்குள் அமைவது நல்லது. ஆயிரத்துக்கு ஒன்று என்று போனால் சிறிய உச்சியின் பிழை முழு முடிவையும் கெடுக்கும். கலன் ஒவ்வொரு முறையும் 0.05 சதவீதம் காலியாகும். சின்னதாகத் தெரியும், ஆனால் நூறு முறை எடுத்தபின் 4.9 சதவீதம். ஒவ்வொரு எடுப்பையும் குறிப்பேட்டில் எழுதாத ஆய்வகத்தில் இந்தப் பிழை யார் கண்ணிலும் படாமல் வளரும். கலனின் கன அளவும் பிப்பெட்டின் கன அளவும் வாயு விரிவு முறையில், கெப்பாசிட்டன்ஸ் அழுத்தமானி வைத்து, தனித்தனியே அளக்கப்பட்டிருக்க வேண்டும். வரைபடத்தில் போட்ட அளவை நம்பக் கூடாது. ஹீலியம்-3 சிலிண்டரிலேயே கொஞ்சம் ஹீலியம்-4 இருக்கும். மாதிரி இல்லாமல் ஸ்பைக்கை (அளந்து கலக்கும் ஹீலியம்-3-ஐ) மட்டும் விட்டு அதை அளந்து கழித்துவிடுங்கள்.

உருக்குவதற்கு மின்தடையில் சூடாகும் கிராஃபைட் மூசை எஃகுக்கு மிகவும் பொருந்தும். இரும்பு கார்பனை இழுத்துக்கொள்வதால் உருகுநிலை இறங்கும், உருகல் முழுமையாகும். மூசையை மாதிரிக்குப் போடப்போகும் வெப்பத்தைவிட 100, 200 டிகிரி கூடுதலாக முன்பே காய்ச்சி, பிறகு வெறும் மூசையை ஒருமுறை ஓட்டிப் பின்னணியைப் பதியுங்கள். மாதிரியை 1,700 டிகிரிக்கு மேல் சில நிமிடம் வைத்து வாயுவை எடுத்தபின், அதே மாதிரியை மறுபடி சூடாக்குங்கள். இரண்டாம் முறை வருவது பின்னணி அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லையென்றால் முதல் முறை முழுதும் வெளியேறவில்லை என்று பொருள். டங்ஸ்டன் கம்பிக் கூடையில் எஃகை உருக்குவதும் உண்டு; ஆனால் உருகிய எஃகு டங்ஸ்டனைக் கரைத்துக் கம்பியை அறுத்துவிடும், பாதி ஓட்டத்தில் சூடு நின்றுவிடும். மாதிரியே டங்ஸ்டன் என்றால் 3,422 டிகிரிக்கு வழக்கமான மூசைகள் உதவாது, அங்கே லேசர்தான்.

கதிரியக்கத்தில் இந்தப் படிதான் ஆபத்தானது. 316-இல் உள்ள மாங்கனீசு எளிதில் ஆவியாகும். இரும்பு-54-இலிருந்து உண்டான மாங்கனீசு-54, அரை ஆயுள் 312 நாள், ஃபர்னஸின் குளிர்ந்த சுவரில் போய்ப் படியும். கழற்றி எறியக்கூடிய மெல்லிய உறையைச் சுவருக்கு உள்ளே வைத்துவிட்டால் ஃபர்னஸைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கை வாங்கும் டோஸ் குறையும். மில்லிகிராம் துண்டே போதும் என்பது இந்த முறையின் மிகப் பெரிய நன்மை. கோபால்ட்-60 நிறைந்த பொருளைச் சூட்டறைக்கு (தடித்த கதிர்வீச்சுத் தடுப்புச் சுவர் கொண்ட அறைக்கு) வெளியே கையாள முடிவது அதனால்தான்.

வெளிவந்த வாயுவில் ஹீலியத்தைவிட ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் பல மடங்கு அதிகம். வினைபுரியும் வாயுக்களை உறிஞ்சும் சிர்க்கோனியக் கலவைக் கெட்டரும், திரவ நைட்ரஜனில் குளிர்ந்த கரியும் அவற்றைப் பிடித்துக்கொள்ளும், ஹீலியம் தப்பி வரும். ஹைட்ரஜனை முழுக்க அகற்றாவிட்டால் ஹீலியம்-3-இன் உச்சி கெடும். ஹைட்ரஜன்–டியூட்டீரியம் மூலக்கூறின் நிறை 3.0219, ஹீலியம்-3 3.0160, இரண்டையும் பிரிக்க 510-க்கு மேல் பிரிதிறன் வேண்டும். காந்தப் புலக் கருவியில் அது கிடைக்கும், சாதாரணக் குவாட்ருபோலில் கிடைக்காது. மூன்று ஹைட்ரஜன் சேர்ந்த அயனியும் அதே நிறை 3-இல்தான் விழும். அது ஹைட்ரஜன் அழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால் ஒருநாள் செய்த திருத்தத்தை மறுநாள் பயன்படுத்த முடியாது.

ஸ்பைக் கலந்தபின் வாயு முழுதும் சீராகக் கலக்கச் சில நிமிடம் விடுங்கள், அதன்பின் பெரிய கலனில் விரித்து ஆயிரத்தில் ஒரு பங்கை மட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு எடுங்கள். இந்தப் பங்கீடு வால்வை முழுக்கத் திறந்து, சமநிலை வந்தபின் மூடிச் செய்ய வேண்டியது. நுண்துளை வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிட்டால் ஹீலியம்-3 வேகமாகப் போகும். நிறைகளின் விகிதத்தின் வர்க்கமூலம் 1.15, ஆகவே 15 சதவீதம் வரை பிழை வந்து சேரும். ஐசோடோப் நீர்ப்பு எல்லாப் பிழையையும் காப்பாற்றும் என்று நம்பிச் செய்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுவே. கருவிக்குள் பம்ப்பை அடைத்து நிலையாக வைத்து அளக்கும்போது அயனிகள் சுவரில் புதைந்து, பழைய ஹீலியம் வெளியேறி, விகிதம் நேரத்தோடு நகரும். பத்துப் பன்னிரண்டு முறை அளந்து, வாயு உள்ளே நுழைந்த கணத்துக்குப் பின்னோக்கி நீட்டி மதிப்பை எடுங்கள். மாதிரியில் டிரிடியம் சிதைந்து உண்டான ஹீலியம்-3 இருக்க வாய்ப்பிருந்தால், ஒரு துண்டை ஸ்பைக் இல்லாமல் ஓட்டி அதைத் தனியே தெரிந்துகொள்ளுங்கள்.

வந்த மொத்தம் நம்பத்தக்கதா என்று பார்க்க, ஹீலியம் எங்கிருந்து பிறந்தது என்ற கணக்கு உதவும். போரானில் ஐந்தில் ஒரு பங்கு போரான்-10. எஃகில் எடைப்படி பத்து லட்சத்துக்கு 10 போரான் இருந்தால், அத்தனையும் எரிந்தாலும் சுமார் 10 அணுப் பங்கு ஹீலியம்தான் கிடைக்கும். அது சீக்கிரம் தீர்ந்துவிடும். நிக்கல் தீராது: நிக்கல்-58 ஒரு வெப்ப நியூட்ரானை (வேகம் தணிந்த நியூட்ரானை) வாங்கி நிக்கல்-59 ஆகி, அது இன்னொன்றை வாங்கி இரும்பு-56-ஐயும் ஆல்பாவையும் தருகிறது. இரண்டு படி என்பதால் தொடக்கத்தில் மெதுவாக, பிறகு நியூட்ரான் அளவின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். கனடாவின் கேண்டு உலைகளில் அழுத்தக் குழாயைச் சுற்றி இருக்கும் எக்ஸ்-750 என்ற கலவையாலான சுருள் வளையங்கள் இதற்கு உச்ச உதாரணம். எழுபது சதவீதத்துக்கு மேல் நிக்கல், சுற்றிலும் வெப்ப நியூட்ரான். ஹீலியம் ஒரு அணு சதவீதத்தைத் தாண்டி, படிகமணி எல்லைகளில் குமிழிகள் வரிசைகட்டி, வளையம் எல்லை வழியே முறியும். இந்தியக் கனநீர் உலைகளில் இதே வளையம் சிர்க்கோனியம்–நையோபியம்–செம்புக் கலவையில் செய்யப்படுவதால் இந்த வழி அங்கே இல்லை. கல்பாக்கத்தின் எஃப்பிடிஆர் போன்ற வேக உலையிலும் வெப்ப நியூட்ரான் அரிது. அங்கே ஹீலியம் பெரும்பாலும் வேக நியூட்ரான் வினையாலும் போரானாலும் வருகிறது, நியூட்ரான் மோதி உலோக அணுக்கள் இடம்பெயரும் அளவோடு ஒப்பிட்டால் ஹீலியத்தின் அளவும் குறைவு. 316-இல் 470 என்பது வேக உலையில் கதிர்வீச்சுப் பட்ட மாதிரிக்கு அதிகம், வேக நியூட்ரானும் வெப்ப நியூட்ரானும் கலந்திருக்கும் ஆராய்ச்சி உலைக்குச் சாதாரணம். உங்கள் மாதிரி எந்த உலையில் இருந்தது என்பதைக் கணக்கின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

இனி குமிழிக்குள். ஒற்றைக் குமிழியின் அடர்த்தியை நேரடியாகச் சொல்லக்கூடியது எலெக்ட்ரான் ஆற்றல் இழப்பு நிறமாலை, ஆய்வகங்களில் ஈல்ஸ் என்பார்கள். தனி ஹீலியம் அணு 21.2 எலெக்ட்ரான் வோல்ட்டில் எலெக்ட்ரானின் ஆற்றலை வாங்கும். நெருக்கமாக அடைந்த ஹீலியத்தில் அந்த உச்சி மேலே நகரும், அடர்த்திக்கு ஏற்ப ஓரிரண்டு எலெக்ட்ரான் வோல்ட் வரை. கேம்பிரிட்ஜில் வால்ஷ், யுவான், பிரவுன் மூவரும் 2000-இல் கதிர்வீச்சுப் பட்ட பொருளின் நானோமீட்டர்க் குமிழிகளில் இதைச் செய்து காட்டினார்கள்.

அடர்த்தியை எடுக்க வழி இரண்டு. நகர்வை மட்டும் அளந்து, பிறர் ஏற்கெனவே வெளியிட்ட ஒரு மாறிலியால் வகுப்பது ஒன்று. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்: அந்த மாறிலி ஆய்வுக்கு ஆய்வு இரண்டு மடங்கு வரை மாறுகிறது, உலோகத்துக்கும் குமிழி அளவுக்கும் ஏற்ப மாறுவதற்குக் காரணங்களும் இருக்கின்றன. மற்றது, உச்சியின் பரப்பை இழப்பில்லா உச்சியின் (ஆற்றலை இழக்காமல் கடந்த எலெக்ட்ரான்களின் உச்சி) பரப்பு, சிதறல் குறுக்குவெட்டு, குமிழியின் தடிமன் ஆகிய மூன்றின் பெருக்கலால் வகுப்பது. இதற்கு மாறிலியை இரவல் வாங்க வேண்டாம். இந்த வழியில் பல குமிழிகளை அளந்து, உங்கள் மாதிரிக்கான நகர்வு மாறிலியை நீங்களே வரைந்துகொள்ளலாம்.

சிரமம் சமிக்ஞையின் அளவில் இருக்கிறது. 200 கிலோவோல்ட்டில், 10 மில்லிரேடியன் ஏற்புக் கோணத்தில், குறுக்குவெட்டு சுமார் 7×10⁻⁶ சதுர நானோமீட்டர். 3 நானோமீட்டர்க் குமிழியில் கன நானோமீட்டருக்கு 70 அணு என்றால் கற்றை கடக்கும் வழியில் சதுர நானோமீட்டருக்கு 210 அணு. உச்சியின் பரப்பு இழப்பில்லா உச்சியில் ஆயிரத்துக்கு 1.5 பங்கு. அதுவும் இரும்பின் எலெக்ட்ரான்கள் கூட்டாக அதிர்வதால் வரும் அகன்ற பிளாஸ்மான் உச்சி 20 எலெக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்று மேலே படர்ந்திருக்க, அதன் முதுகில் ஏறி நிற்கும் சின்ன மேடாக. அலுமினியத்தில் பிளாஸ்மான் 15-இல் இருப்பதால் வேலை எளிது. எஃகில் மெலிந்த இடம் தேடியே ஆக வேண்டும். 50 நானோமீட்டருக்குக் குறைவான தடிமன், ஒரு நானோமீட்டருக்குள் கற்றை, குமிழியையும் சுற்றியுள்ள உலோகத்தையும் சேர்த்துப் புள்ளி புள்ளியாக நிறமாலைப் படம். பக்கத்து உலோகத்தின் நிறமாலையைத் தடிமனுக்கு ஏற்ப அளவு மாற்றிக் கழித்தால் மிஞ்சுவது ஹீலியம். குமிழிச் சுவரின் மேற்பரப்புப் பிளாஸ்மானும் அங்கே மிஞ்சும் என்பதால், ஹீலியம் இல்லாத குழி ஒன்றில் இதே கழித்தலைச் செய்து என்ன மிஞ்சுகிறது என்று பார்த்துவிடுங்கள். கற்றையே ஹீலியத்தை வெளியேற்றும்: 200 கிலோவோல்ட் எலெக்ட்ரான் மோதினால் ஹீலியம் அணுவுக்கு 130 எலெக்ட்ரான் வோல்ட் வரை போகும். ஒரே குமிழியில் முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் ஒப்பிடுங்கள். உச்சி குறைந்திருந்தால் டோஸைக் குறைத்துப் புதிய குமிழிக்குப் போங்கள். படலத்தின் மேற்பரப்பு வெட்டித் திறந்த குமிழி காலியாகத்தான் இருக்கும், அதைச் சராசரியில் சேர்க்காதீர்கள்.

கிரிப்டான், செனான் போன்ற கனவாயுக்களுக்கு இன்னொரு வழி திறந்திருக்கிறது. நுண்குமிழிக்குள் அவை அறை வெப்பநிலையிலேயே திடமாகப் படிகமாகிவிடும். 1984-ஐ ஒட்டி அலுமினியம், செம்பு, நிக்கலில் இது கண்டறியப்பட்டது. எலெக்ட்ரான் விளிம்புவிளைவில் அவற்றின் படிக இடைவெளியை அளந்தால் அடர்த்தி நேரே கிடைத்துவிடும். ஹீலியம் அறை வெப்பநிலையில் உறைய 11 கிகாபாஸ்கலுக்கு மேல் வேண்டும் என்பதால் உங்களுக்கு இது உதவாது.

நுண்ணோக்கி எண்களில் கவனிக்க வேண்டியவை சில. குமிழியின் விட்டத்தில் 10 சதவீதப் பிழை கன அளவில் 33 சதவீதம். குவியத்தைச் சற்றுக் கீழே, சற்று மேலே வைத்து எடுக்கும் படங்களில் வெண்மையும் கருமையும் இடம் மாறினால்தான் அது குமிழி. மாறாத புள்ளி, அயனிக் கற்றையால் வெட்டியபோது உண்டான கறை. விட்டத்தை மிகக் குறைந்த குவிய விலகலில், எல்லாப் படத்திலும் ஒரே விளிம்பை வைத்து அளங்கள். சராசரி விட்டத்தைக் கனப்படுத்தக் கூடாது, ஒவ்வொரு விட்டத்தையும் கனப்படுத்திச் சராசரி எடுக்க வேண்டும். பரவல் 25 சதவீதம் என்றால் இந்த ஒன்றிலேயே கன அளவு ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். படலத் தடிமனை ஈல்ஸிலேயே இழப்பில்லாப் பங்கின் மடக்கையிலிருந்து எடுக்கலாம், ஆனால் 10 சதவீதத்தைவிட நல்ல துல்லியத்தை அதில் எதிர்பார்க்க வேண்டாம்.

மொத்தமும் அடர்த்தியும் கையில் வந்தபின் ஒப்பிடுங்கள். குமிழிகளில் எண்ணியது உருக்கி எடுத்த மொத்தத்தைவிடக் குறைவாக இருந்தால் அது இயல்பு: மீதி ஒரு நானோமீட்டருக்கும் சிறிய, படத்தில் தெரியாத கொத்துகளிலும், இடப்பெயர்வுக் கோடுகளிலும், எல்லைகளிலும் இருக்கிறது. அந்த மீதியே பல நேரம் ஆய்வின் முக்கிய முடிவாக அமையும், பிற்காலத்தில் சூடானால் குமிழியாகப் போவது அதுதான் என்பதால். எண்ணியது மொத்தத்தைத் தாண்டினால் உருக்கியதைச் சந்தேகிக்காதீர்கள். விட்டம், தடிமன், அடர்த்தி என்ற வரிசையில் நுண்ணோக்கிக் கணக்கைத் திரும்பப் பாருங்கள்.

கையில் இருக்கும் பொருளை இப்படிச் செலவிடலாம். 1,000 டிகிரிக்குச் சூடாக்கிய துண்டை எறிய வேண்டாம், அதை உருக்கி மிச்ச ஹீலியத்தை அளங்கள்; வெளியேறிய 70-ஐ அதோடு கூட்டினால், சூடாக்காத துண்டின் மொத்தத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் உங்கள் குவாட்ருபோலின் அளவுத்திருத்தம் தவறு, அந்த 70-ஐயே திருத்த வேண்டியிருக்கும். சூடாக்காத வட்டின் விளிம்பிலிருந்து குறைந்தது மூன்று துண்டு உருக்கலுக்கு. நடுப்பகுதியில் முதலில் ஈல்ஸ், குமிழி எண்ணும் படங்கள் அதன்பின். நீண்ட நேரம் கற்றை பட்டபின் ஹீலியம் அளப்பதில் பொருளில்லை. உலையில் வைக்காத அதே வார்ப்பின் 316-ஐயும் இந்த எல்லாப் படிகளிலும் கூடவே ஓட்டுங்கள். அதில் ஹீலியம் பின்னணிக்கு மேல் வந்தாலோ, நுண்ணோக்கியில் புள்ளிகள் தெரிந்தாலோ, உங்கள் மாதிரியின் எண்களை எழுதுமுன் அதற்குக் காரணம் கண்டுபிடித்தாக வேண்டும்.